ஈரக்காற்றும் இமைப்பசையும்

கீரிமலையில் உப்புக் கடலுக்கும் நன்னீர்க் கேணிக்கும் இடையில் ஒரு மதில்தான். அலை உயரும் நாள்களில் கடலின் தூவானம் கேணியில் நிற்பவரின் முகத்தில் படும். ஊர்க் காற்றிலும் எந்நாளும் ஈரம் உண்டு. அந்தக் காற்றில் இருந்துகொண்டுதான், ஈரம் பட்டதும் இறுகிவிடும் ஒரு பசையால் மணப்பெண்ணின் இமைமயிர்களை ஒவ்வொன்றாக நீட்டுகிறார்கள் யாழ் குடாநாட்டு அழகுக்கலைஞர்கள்.

இந்த இமைநீட்சியைக் குறிக்கும் ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் இன்று வடக்கிலும் அறிந்த சொல். கலியாணத்துக்காகக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற பெண்கள் கேட்கிறார்கள். ஊர்ப் பெண்களும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதில் பிழை எதுவும் இல்லை. குளிர்நாட்டு அறைகளுக்கென எழுதிய செய்முறையை எங்கள் வெக்கைக்குள்ளும் எங்கள் சடங்குகளுக்குள்ளும் அப்படியே கொண்டுவருவதுதான் சிக்கல்.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். பட்டியாக ஒட்டும் செயற்கை இமை வியர்வையில் ஓரம் கிளம்பும். ஓமப் புகையில் கண் கலங்கினால் மையும் சேர்ந்து வழியும். ஒற்றை ஒற்றையாக ஒட்டிய இமை அப்படி நடுவில் கைவிடாது. முறையாகச் செய்தால் பாரமும் தெரியாது. இயற்கை மயிர் உதிரும்போது ஒட்டியதும் அதனோடு சேர்ந்து உதிர்ந்துவிடும் என்பதால், சில வாரங்களில் கண் பழையபடி ஆகிவிடும். இமைமயிர் அடர்த்தி குறைந்தவர்களுக்கு இது மனநிறைவு தரும் தொழில்நுட்பம். இந்த நன்மைகள் எல்லாமே பசை சரியாக இறுகுவதில்தான் தங்கியிருக்கின்றன.

அந்தப் பசைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1942இல் ஹரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் கோடாக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிபார்ப்பான்களுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது சயனோஅக்ரிலேட்டைக் கண்டார். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அதை ஒதுக்கிவைத்தார். 1951இல் அதன் பயன் புரிந்தது. 1958இல் பசையாகக் கடைக்கு வந்தது. நாம் 'சூப்பர் குளூ' என்கிற குடும்பம் அது. இமைப்பசையும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

இந்தப் பசை மற்றப் பசைகளைப் போலக் காய்வதில்லை. காற்றிலும் மயிரிலும் உள்ள நுண்ணிய நீர்தான் அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. ஆகவே காற்றில் ஈரம் கூடினால் வேகம் கூடும். குறைந்தால் வேகம் குறையும். பசை தயாரிப்பாளர்கள் பலர் 20 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் 45 முதல் 60 சதவீத ஈரப்பதத்தையும் ஒட்டிய அளவையே பரிந்துரைக்கிறார்கள். வாடைக் காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் வடகரையின் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டி எங்கோ நிற்கும்.

அப்போது என்ன நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். சிறு கல்லின் மேல் ஒரு துளி பசை. இடுக்கியால் பிடித்த செயற்கை மயிரின் அடியை அதில் தொட்டு எடுக்கிறார் கலைஞர். இயற்கை மயிரில் வைப்பதற்குள் இரண்டு மூன்று விநாடி போகிறது. அதற்குள் பசையின் மேல் ஒரு மெல்லிய தோல் படிந்துவிடுகிறது. மயிர் ஒட்டியதுபோல நிற்கும், மாலைக்குள் விழும். "குளூ போதாது" என்று நினைத்து அடுத்த மயிருக்குக் கூடுதலாகத் தோய்க்கிறார். பிழை தொடங்குவது இங்கேதான். தடித்த மணியாக நிற்கும் பசை வெளியே இறுகி உள்ளே இறுகாமலே இருக்கும். அந்த உட்பகுதி ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து மயிரையும் பிடிக்கும். இரண்டு மயிரும் வெவ்வேறு வேகத்தில் வளரும்போது ஒன்று மற்றதை வேரிலிருந்து இழுக்கும்.

ஏசி அறையில் நிலைமை தலைகீழ். காற்று உலர்ந்து, பசை இறுகத் தாமதமாகி, ஆவி கண்ணருகில் கூடுதல் நேரம் தங்குகிறது. நடுவில் மின்வெட்டு வந்தால் ஒரே இருப்பில் இரண்டு காலநிலை! ஒரு சிறிய ஈரப்பதமானியைச் சுவரில் மாட்டி, அதன் அளவுக்கு ஏற்றபடி வேகமான பசையா மெதுவான பசையா என்று தெரிந்தெடுப்பது இதில் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். மீதியைப் போத்தல் பராமரிப்புத் தீர்க்கும்: வாயைத் துடைத்து மூடி, நிமிர்த்தி, சிலிக்கா பொட்டலத்துடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைக்கவேண்டும். திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் உள்ளே நீர் வியர்க்கும். திறந்து ஏறத்தாழ ஒரு மாதம் கடந்த பசையை வீசுவது நட்டம் அல்ல.

இந்தத் தொழிலின் பலவீனமான இடம் பரிசோதனை. காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதில் பொருளில்லை. ஒவ்வாமை பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே வெளிப்படும். கண்ணை எரிக்கும் ஆவியைக் காதுப்பின் தோல் காட்டிக்கொடுக்கவும் மாட்டாது. இமையோரத்தில் சில மயிர்களை மட்டும் ஒட்டி 48 மணி நேரம் பொறுப்பது இதைவிட நம்பத்தக்க வழி. செய்த அன்று வரும் இலேசான சிவப்பு பெரும்பாலும் ஆவியின் எரிச்சல், விரைவில் அடங்கும். அடுத்த நாள் இமை வீங்கி அரிப்புக் கூடினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது கலைஞரிடம் கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஒவ்வாமை உறுதியானால் மீண்டும் அந்தப் பசையை அணுகக்கூடாது.

இது வீண்பயம் அல்ல. 2012இல் 'கோர்னியா' மருத்துவ இதழில் ஜப்பானிய மருத்துவர்கள், இமைநீட்சிக்குப் பின் கண் அழற்சியோடும் இமை ஒவ்வாமையோடும் வந்த பெண்களைப் பற்றி எழுதினார்கள். பசைகளைச் சோதித்து போர்மல்டிஹைட் இருப்பதையும் காட்டினார்கள். சயனோஅக்ரிலேட் சிதையும்போதே அது உண்டாகக்கூடும் என்பதால், 'போர்மல்டிஹைட் இல்லை' என்ற லேபிளை மட்டும் நம்பக்கூடாது. ஜப்பானிய அரசு 2008இலேயே இந்த வேலையை உரிமம் பெற்ற அழகுக்கலைஞருக்கு உரியதென அறிவித்திருந்தது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இந்தத் தீர்த்தத்தில் நீராடி முகம் தெளிந்தாள் என்பது கீரிமலைக் கதை. அழகும் நீரும் இங்கே பிரிந்ததில்லை. கலியாண நாளில் பாலறுகு வைத்துத் தோயவார்ப்பதும் அந்த வழியில் வந்ததுதான். பார்லரிலோ, "ஒரு நாள் முகத்தில் தண்ணி படக்கூடாது" என்கிறார்கள். முதல்நாள் மாலை இமை ஒட்டிய பெண்ணுக்கு மறுநாள் விடியலில் தலையில் வார்த்தால் இரண்டில் ஒன்று கெடும். மூன்று நாள் முன்னதாக ஒட்டினால் இந்த மோதலே இல்லை. எண்ணெய் முழுக்கு இருந்தால் அதை ஒட்டுவதற்கு முதல் நாளே முடித்து, இமையை நன்றாகக் கழுவவேண்டும். எண்ணெய் படிந்த மயிரில் பசை பிடிக்காது. தண்ணீருக்குப் பயந்து வாரக்கணக்கில் இமையைக் கழுவாமல் விடுவதும் தவறு. அழுக்குச் சேர்ந்த இமையோரம்தான் அழற்சிக்கு இடம் கொடுக்கும்.

நீளத்திலும் நிதானம் வேண்டும். கண் அகலத்தின் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள இமைமயிரே தூசையும் காற்றையும் மிகச் சிறப்பாகத் தடுக்கிறது என்று 2015இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு மேல் நீண்டால் அதே மயிர் காற்றைக் கண்ணுக்குள் வாரிவிடும். சோளகம் புழுதி கிளப்பும் மாதங்களில் இது சிறிய விடயம் அல்ல.

ஒரே நாள் அலங்காரம் போதும் என்பவருக்குப் பட்டி இமையே பாதுகாப்பானது. சில வாரம் நிலைக்கவேண்டும் என்பவர், நேரமும் பரிசோதனையும் ஒதுக்கினால் மட்டுமே நீட்சிக்குப் போகலாம். அழகுக்கலை கற்பிக்கும் நிலையங்கள் இடுக்கி பிடிக்கும் கையோடு பசையின் வேதியியலையும் கற்பிக்கவேண்டும். பசை கண்ணுக்குள் பட்டால் கசக்காமல், இழுக்காமல், சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போகவேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் இருக்கவேண்டும். மணப்பெண்ணோடு பார்லருக்குப் போகும் அம்மாமாரும் சித்திமாரும் விலையைக் கேட்பதோடு, போத்தல் திறந்த திகதியைக் காட்டும்படியும் கேளுங்கள்.