களையும் கண்ணீரும்

செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில், கொலைத் தொழிலிற் கொடியோரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரிடைக் களை பிடுங்குதலுக்கு ஒப்பிடுகின்றார் வள்ளுவர். இதனை அரசின் தடிக்கு அவர் தந்த இசைவெனக் கொள்வாருமுளர். அது பொருந்தாது. களை பிடுங்கும் கைக்குப் பயிரைப் பிரித்தறியும் கண் வேண்டும். கல்முனை வயல்களை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1961 பெப்ரவரி 20 அன்று, தனிச் சிங்கள ஆட்சிமொழியை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அமைதியாக மறித்திருந்தோர்மீது பொலிசாரின் குண்டாந்தடிகள் வீழ்ந்தன. அறப்போர் மட்டக்களப்புக்கும் பரவியது. ஏப்ரல் 17இல் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர்.

வாயிலை மறித்தல் சட்டமீறலன்றோ எனின், ஆம். ஆயினும் சட்டமீறல் வேறு, கொடுமை வேறு. மீறியவனைக் கைதுசெய்து மன்றில் நிறுத்தலாம். கை ஓங்காதவனை அடித்தல் களையெடுப்பன்று, பயிரழிப்பேயாம். அதனாலன்றோ, அடுத்து வரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில், துன்புற்றோர் கண்ணீரே ஆள்வோன் வளத்தை அராவிக் குறைக்கும் கருவியென்றார். ஆதலின், மாணாக்கர் இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.