எக்ஸ்எம்எல்லிண்ட் பேசாமல் இருந்தால் எல்லாம் சரியா?

பழைய செய்யுள் நூல்களை டிஇஐ முறையில் குறியிட்டு வைத்திருக்கிறேன். மூவாயிரத்துச் சொச்சம் எக்ஸ்எம்எல் கோப்புகள். ஆரம்பத்தில் கோப்புக்கு ஒரு தடவை எக்ஸ்எம்எல்லிண்டைக் கூப்பிடுற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதினேன். முட்டாள்தனம். தொடங்கித் தொடங்கியே நேரம் போச்சு. எக்ஸ்ஆர்க்ஸ் வழியா நூறு நூறு கோப்பாக் கொடுத்து, நாலு ப்ராசஸை ஒரே நேரத்தில் ஓட விட்டால் டீ ஆறுவதற்குள் முடிஞ்சிடும். நோஅவுட் ஆப்ஷனை மறந்தீங்கன்னா கோப்பு முழுக்கத் திரையில் கொட்டும், ஜாக்கிரதை.

என் குறை வேகத்தில் இல்லை. மூடாத டேகை வரி எண்ணோடு சொல்லும் இந்தக் கருவி, அடிக்குரிய 'எல்' டேகை நான் திறப்பிலும் மூடலிலும் 'ஐ' என்றே அடித்திருந்தபோது வாயே திறக்கவில்லை. இலக்கணப்படி அது சரியான எக்ஸ்எம்எல்; டிஇஐயில்தான் அப்படி ஒரு டேகே கிடையாது. ஆக, போன மாதம் நான் எழுதின அடிக்கணக்கு தப்பு. அந்த அடிகள் எண்ணிக்கையில் வரவே இல்லை.

இதைப் பிடிக்க ரிலாக்ஸ்என்ஜி ஸ்கீமா வேண்டும். எக்ஸ்எம்எல்லிண்டும் அதை ஏற்கும், ஆனால் அது தரும் பிழைச்செய்தியை வைத்துத் தவறு எங்கேன்னு தேடுறது பெரும்பாடு. ஜேம்ஸ் கிளார்க்கின் ஜிங், இந்த டேகுக்கு இங்கே இடமில்லை என்று வரியையும் பத்தியையும் காட்டிவிடுகிறது. ஜாவா என்பதால் தொடங்க மெதுவுதான். மொத்தக் கோப்புகளையும் ஒரே தடவையில் கொடுத்துடுங்க. ஸ்கீமாவையும் ஒருமுறைதான் படிக்கும். திருத்திய அடிக்கணக்கை அடுத்த வாரம் போடுகிறேன்.