வாசிக்கப்படாத பியானோ

பொறியியல் மாநாடு ஆகட்டும், நம்ம ஊர் நூல் வெளியீடு ஆகட்டும், நிகழ்ச்சி நிரலில் இரவு விருந்தும் அதற்கு நடுவே ஒரு ‘கலை நிகழ்ச்சி’யும் கட்டாயம் இருக்கும். மேடையில் ஒருவர் பியானோ வாசிப்பார், இல்லையென்றால் ஒரு பிள்ளை பரதம் ஆடும். கீழே கரண்டிச் சத்தம் நிற்காது. இந்த இசை யாருக்காக? ஷோப்பேனின் கடிதங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தபோது இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. 1828 செப்டம்பரில், பெர்லினில் நடந்த ஓர் அறிவியல் மாநாட்டுக்குப் போயிருந்தபோது அவர் வீட்டுக்கு எழுதிய சில கடிதங்கள் அதில் இருக்கின்றன. அப்போது அவருக்கு வயது 18. மாநாட்டு விருந்துகளைப் பற்றி நான் வாசித்த நல்ல விமர்சனம் என்று இவற்றைத்தான் சொல்வேன்.

மாநாட்டை நடத்தியவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். கட்டுரை படிப்பதைவிட, ஒரே துறையில் உழைப்பவர்கள் நேரில் பழகுவதே இத்தகைய கூட்டத்தின் முக்கிய நோக்கம் என்று அவர் தொடக்க உரையிலேயே சொன்னார். தொடக்க விழாவுக்கு ஒரு வாழ்த்திசையும் ஏற்பாடு செய்தார். ரெல்ஸ்டாப் பாடல் எழுத, 19 வயது மெண்டல்சன் இசையமைத்தார். வயலின் கிடையாது, செல்லோ, கிளாரினெட், கொம்பு, எக்காளம், முரசு என்று கனமான ஒலி. பாடியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால்தான் இந்த ஆண் குரல் ஏற்பாடு என்று மெண்டல்சனின் அக்கா ஃபேனி கடிதத்தில் கிண்டலடித்திருக்கிறார். அவரும் தேர்ந்த பியானோ கலைஞர், இசையமைப்பாளர் என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால் அந்தக் கிண்டல் சுடும்.

அந்த வாழ்த்திசையை மெண்டல்சன் தன் வாழ்நாளில் அச்சிடவில்லை. அதே 1828இல், அதே ரெல்ஸ்டாப்பின் கவிதைகளுக்கு வியன்னாவில் ஷூபர்ட் மெட்டமைத்தார். அந்தப் பாடல்களை உலகம் இன்றும் பாடுகிறது. ஒரே கவிஞர், ஒரே ஆண்டு. இசையமைத்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. ஆனால் ஒன்று விழாவைக் கௌரவிக்கச் செய்தது, மற்றது ஒரு மனிதனின் ஏக்கத்தைச் சொல்ல வந்தது. நம் மேடைகளில் போர்த்தும் பொன்னாடை மாதிரிதான் முதலாவது. போர்த்தும்போது கைத்தட்டு விழும், அப்புறம் அலமாரிக்குப் போய்விடும்.

இப்போது ஷோப்பேனிடம் வருவோம். அப்பாவின் நண்பரான ஒரு விலங்கியல் பேராசிரியருக்குத் துணையாகத்தான் அவர் அங்கே போனார். பேராளர் இல்லை, கலைஞராக அழைக்கப்பட்டவரும் இல்லை. விலங்கியல் அருங்காட்சியகத்தின் 13 அறைகளைச் சுற்றுவதைவிட இசைத்தாள் கடையில் காலைப்பொழுதைக் கழிப்பதே மேல் என்று எழுதுகிறார். விருந்தில் பக்கத்து இருக்கையில் ஹம்பர்க் தாவரவியல் பேராசிரியர் ஒருவர். ஷோப்பேன் கவனிப்பது அவருடைய விரல்களை! தான் இரண்டு கையும் கத்தியும் கொண்டு பிய்க்க வேண்டிய ரொட்டியை அவர் ஒரே கையால் பிய்க்கிறாராம். பேச்சு சூடேறியதும் ஷோப்பேனின் தட்டிலேயே விரலால் தாளம் போடுகிறார். விரல் தடங்களைத் துணியால் துடைக்க வேண்டியதாயிற்று என்று முடிக்கிறார். படித்ததும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மேசையில் அவரிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஒரு பியானோ கலைஞனின் தட்டுக்கு மேலாகவே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

அதைவிட வலிக்கும் வரி ஒன்று உண்டு. மெண்டல்சனை நேரில் பார்த்தும், போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் துணிவில்லாமல் விட்டுவிட்டதாக எழுதுகிறார். 18 வயசு ஷோப்பேன், 19 வயசு மெண்டல்சன், ஒரே கூட்டத்தில். நடுவில் யாரும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பாரிஸில்தான் இருவரும் பழகினார்கள்.

‘அப்படியானால் இந்த விருந்தெல்லாம் வீண்தானே’ என்று சொல்லிவிட முடியாது. அதே மாநாட்டில்தான் கணித மேதை காஸ், 23 வயது வில்ஹெல்ம் வெபரைச் சந்தித்தார். வெபர் அங்கே ஆர்கன் குழல்களைப் பற்றி உரையாற்றியிருந்தார். பிறகு இருவரும் கோட்டிங்கன் நகரில் சேர்ந்து உழைத்து, 1833இல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு மின்தந்தி அனுப்பினார்கள். காந்தவியலில் இருவர் பெயரிலும் அலகுகள் உண்டு. பொறியியல் படித்தவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்போம். வெபருக்கு நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் இருந்தது, அதனால் கண்ணில் பட்டார். ஷோப்பேனுக்கு இல்லை. பழகுவதுதான் நோக்கம் என்று மேடையில் சொல்லிவிட்டால் மட்டும் கூச்சக்காரர்கள் பழகிவிடுவார்களா? ஏற்கெனவே அறிமுகமானவர்களுக்குத்தான் விருந்து இனிக்கும்.

அந்தப் பயணத்தில் ஷோப்பேனின் இசையை முன்பின் தெரியாதவர்கள் கேட்டது, திரும்பும் வழியில். குதிரை மாற்ற வண்டி நின்ற ஒரு சின்ன ஊர் நிலையத்தில் பியானோ ஒன்று இருந்ததாம். உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதும் பயணிகள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள், வண்டி தயாரான பிறகும் அவரை எழவிடவில்லை என்று கரசோவ்ஸ்கி தன் வாழ்க்கை வரலாற்று நூலில் சொல்கிறார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்தக்கூடியவர்தான். பாதியைக் கழித்துவிட்டாலும் மீதி போதும். அங்கே இசை யாரையும் கௌரவிக்க வரவில்லை. கேட்டவர்கள் கேட்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

நம் இலக்கியக் கூட்டங்களுக்கு இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். இசை வைப்பதானால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வையுங்கள். பத்து நிமிடம் போதும். முடியாதென்றால் இசையே வேண்டாம். கலைஞரைக் கரண்டிச் சத்தத்தோடு போட்டி போட வைக்காதீர்கள். இரண்டாவது, வரவேற்புக் குழுவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆள் போடுகிறோமே, அதுபோல ஓரமாக நிற்கும் இளையவர்களைக் கண்டுபிடித்து, “வாங்க, இவரைத் தெரியுமா?” என்று கூட்டிப்போக ஒருவரைப் போடுங்கள். பெர்லினில் அன்றைக்கு வாழ்த்திசை, விருந்து, பாட்டு எல்லாம் இருந்தது. இந்த ஓர் ஆள்தான் இல்லை.