பேசாதார் கூற்று: ஓட்டிச எழுத்துக்கள் மூன்று பற்றிய ஒரு நோக்கு

நமது அகத்திணை மரபிலே ஒவ்வொரு பாட்டும் யாரேனும் ஒருவரது கூற்றாகவே அமையும். தலைவி தன் வாயாற் சொல்லவியலாததை, அறத்தொடு நிற்கும் வேளையில் தோழி எடுத்துரைப்பாள். எனினும் அது தோழி கூற்று என்ற குறிப்புடனேயே நம்மை வந்தடைகின்றது. சொல்பவர் யார், சொல்லப்படும் உள்ளம் யாருடையது என்பதில் வாசகன் மயங்க வேண்டியதில்லை. பேச்சு வாய்க்காத ஓட்டிசமுடையோரின் பெயரில் அண்மைத் தசாப்தங்களில் வெளிவந்துள்ள நூல்களைத் திறனாய்வு செய்யப் புகுவோனுக்கு முதலில் கிட்டாமற் போவது இக்குறிப்பேயாகும்.

1943ஆம் ஆண்டில் லியோ கன்னர் ஓட்டிசத்தை முதன்முதலாக விவரித்தபோது அவர் ஆராய்ந்த 11 பிள்ளைகளில் மூவர் பேசாதோராயிருந்தனர். அவர்களது அகவுலகு எத்தகையது என்ற வினாவுக்கு நெடுங்காலமாக மற்றையோரே விடை கூறிவந்தனர். புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலுக்கு 'வெறுமையான கோட்டை' என்று பொருள்படப் பெயரிட்டார். பெற்றோரின், சிறப்பாகத் தாயரின், அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்ற அவரது கொள்கை பின்னர் நிராகரிக்கப்பட்டது. ஆயினும் அப்படிமம் எளிதில் அழியவில்லை.

இதற்கு நேரெதிரான தவறு 1990களில் நிகழ்ந்தது. பேசாத ஒருவரின் கையை உதவியாளர் தாங்கிப் பிடிக்க, அவர் தட்டச்சிலே தம் எண்ணங்களை வெளியிடுவார் என்னும் முறை அவுஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவியது. கவிதைகளும் கடிதங்களும் வெளிவந்தன. பெற்றோர்மீது பாலியற் குற்றச்சாட்டுகளும் வெளிவந்தன. பரிசோதனை மிக எளிமையானது. பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டப்பட்டன. தட்டச்சில் வந்தது உதவியாளர் கண்ட பொருளின் பெயரே. 1994இல் அமெரிக்க உளவியற் சங்கம் இம்முறைக்கு அறிவியல் ஆதாரமில்லை என அறிவித்தது. உதவியாளர்கள் ஏமாற்றுக்காரரல்லர். அவர்கள் தம்மையறியாமலே எழுதினர். தோழி பேசினாள், தலைவி பேசியதாகவே தோழியும் நம்பினாள்.

இப்பின்னணியிலேதான் யப்பானியரான நவோகி ஹிகாஷிடாவின் 'நான் ஏன் குதிக்கிறேன்' என்னும் நூலை அணுகவேண்டியுள்ளது. பதின்மூன்று வயதில் எழுத்துப் பலகையைச் சுட்டிச்சுட்டி அவர் ஆக்கியதாகக் கூறப்படும் இந்நூல் 2007இல் யப்பானிய மொழியிலும், 2013இல் நாவலாசிரியர் டேவிட் மிற்செலும் அவரது மனைவி யோஷிடாவும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளர் இருவரும் ஓட்டிசமுடைய மகனொருவனின் பெற்றோர். நூல் வினாவிடை வடிவிலானது. வினாக்கள் பெரும்பாலும் பெற்றோரின் வினாக்கள். விடைகள் பெற்றோர் கேட்க ஏங்கும் விடைகள். 'எங்களைக் கைவிடாதீர்கள்' என்னும் தொனி திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. ஒரு சிறுவன் எல்லா ஓட்டிசமுடையோர்க்குமாக 'நாங்கள்' என்று பேசும் இடங்களில் நூல் தளர்ந்துவிடுகின்றது என்றே கூறத்தோன்றுகின்றது. மாறாக, உணர்ச்சி மேலிடுகையில் உடல் மின்னல் தாக்கினாற்போல் இறுகுவதையும், குதித்தல் அவ்விறுக்கத்தை உதறுவதையும் கூறுமிடத்து உரைநடைக்கு ஓர் எலும்பு உண்டாகிறது. நூலிறுதியிலுள்ள சிறுகதையில், இறந்துபோன சிறுவன் தன் பெற்றோரின் துயரைக் காண்கிறான், தேற்ற முடியவில்லை. வினாவிடைப் பகுதி முழுவதும் செய்யாததை இக்கதை செய்கின்றது. ஆனால் நடை சிறந்திருப்பது ஆசிரியர் யார் என்பதற்குச் சான்றாகாது. அதைத் தீர்ப்பது திறனாய்வாளனின் செவியன்று, மேற்கூறியது போன்ற பரிசோதனையே.

இந்தியாவிற் பிறந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாயின் நிலை வேறு. அவரது தாயார் சோமா எழுத்துக்களைச் சுட்டவும், பின்னர் பென்சில் பிடித்துக் கையால் எழுதவும் அவரைப் பயிற்றினார். (அம்முறையை மற்றைப் பிள்ளைகளிடம் கையாள்வது பற்றிய ஐயங்கள் வலுவானவை, அது தனி விடயம்.) எட்டு முதல் பதினொரு வயது வரை அவர் எழுதியவை 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் நூலாயின. அவற்றிலே அவர் தம்மை 'அந்தச் சிறுவன்' என்று படர்க்கையிற் குறிப்பிடுகின்றார். தன் உடல் சிதறிக் கிடப்பதாகவும், சுழலும்போதே அதன் பகுதிகள் ஒன்றுசேர்வதாகவும் உணரும் ஒருவனுக்குத் 'தான்' என்ற சொல் எளிதில் வாராது. எனவே படர்க்கை இங்கு உத்தியன்று, அனுபவத்தின் இலக்கணம். ஆறுதல் கூறுவதில் அவருக்கு அக்கறை குறைவு. என் கணிப்பில் மூவருள்ளும் எழுத்தாளர் என்ற பெயருக்கு முழு உரிமையுடையவர் இவரே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. நன்றாக எழுதுபவர்க்கு மட்டுமே அகவுலகு உண்டென ஒப்புகின்றோமா? ஒரு வரியேனும் எழுதாதோர் பலர். அவர்களது அகவுலகை நிரூபிக்கும் பொறுப்பைப் புத்தகங்களின்மேற் சுமத்துவது, கல்வியறிவையே மனிதத்துவத்தின் அளவுகோலாக்கும் பழைய வர்க்கப் பார்வையின் மறுவடிவமேயாகும்.

மெல் பக்ஸ் 2007இல் வெளியிட்ட 'எனது மொழியில்' என்னும் குறும்படம் இக்கேள்வியை நேராக எதிர்கொள்கின்றது. இளமையிற் பேசிப் பின்னர் பேச்சை இழந்ததாகக் கூறிய இவர் 2020இல் காலமானார். படத்தின் முற்பகுதியிற் சொற்களில்லை. அவர் அசைகிறார், முனகிப் பாடுகிறார், குழாய்நீரில் விரல்களை அளைகிறார். பிற்பகுதியில், தட்டச்சிட்ட சொற்களை இயந்திரக் குரல் ஒலிக்கின்றது. நீர் எதற்குக் குறியீடு என்று கேட்கவே நமது வகுப்பறைகள் நம்மைப் பழக்கியுள்ளன. அந்நீர் எதற்கும் குறியீடன்று, தாம் நீரோடு உறவாடுவதே அது என்கிறார் பக்ஸ். பிறரது மொழியில் தட்டச்சிடும்போதுதான் தம்மைத் தொடர்பாடுபவராக ஏற்கின்றனர் என்பதையும் சினத்தோடு சுட்டுகின்றார். பிற்பகுதிக்கு 'மொழிபெயர்ப்பு' என்றே தலைப்பிட்டிருந்தும், முற்பகுதியிலே தாம் பாடியது என்னவென்பதை அவர் ஓரிடத்திலும் பெயர்த்துக் கூறவில்லை.