யாரோடு ஆடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? – கல்லூரி விளையாட்டு பற்றி ஒரு குறிப்பு

புதுச்சேரியில் நான் படித்த மூன்று வருடத்தில் கல்லூரிக்காக ஆடிய வாலிபால் மேட்ச் மொத்தம் நான்கு. முதல் வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் இரண்டு, கடைசி வருஷம் ஒன்று. கல்லூரிப் பெயர் வேண்டாம், இது எந்த ஒரு கல்லூரியின் தவறும் இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு பிராக்டிஸ். வருஷத்தில் நூறு நாளாவது போயிருப்போம். பிறகு ஒருநாள் வேன் பிடித்துப் போய், முதல் சுற்றில் தோற்று, மதியம் சாப்பாட்டுக்கு ஹாஸ்டலுக்கே வந்துவிடுவோம். "அவ்ளோதான்டா மாப்ள, இனி அடுத்த வருஷம்தான்" என்று செட்டர் சொல்வான். அப்போது அது இயல்பாகத்தான் தெரிந்தது. நாக்-அவுட் என்றால் அப்படித்தானே?

சமீபத்தில் அமெரிக்காவின் சின்னக் கல்லூரிகள் விளையாட்டை எப்படி நடத்துகின்றன என்று படித்துக்கொண்டிருந்தேன். பெரிய ஸ்டேடியம், டிவி ஒப்பந்தம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களைச் சொல்லவில்லை. என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு தன் உறுப்பினர்களை 1973-ல் மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. அதில் மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. படிக்க வந்த பிள்ளைகள் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். நம் கல்லூரிகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகச் சேர்ந்திருக்கின்றன. பெயரைப் பார்த்து மாநாடு என்று நினைக்க வேண்டாம். எட்டு, பத்து கல்லூரிகள் தாங்களாகவே சேர்ந்து, "இனி நாம் ஒருவரோடொருவர் ஆடுவோம்" என்று செய்துகொள்ளும் ஏற்பாடு அது. விதிகளில் கடைசி வார்த்தை கல்லூரித் தலைவர்களுடையது. அட்டவணை, நடுவர், புள்ளிப் பட்டியல் எல்லாவற்றையும் பார்க்க ஒரு சின்ன அலுவலகம் உண்டு. உதாரணமாக, நியூ இங்கிலாந்து பகுதியில் 1971-ல் உருவான நெஸ்காக். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற 11 கல்லூரிகள். கூடைப்பந்தில் ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளோடும் ஒருமுறை ஆடும். எல்லாவற்றிலும் தோற்றாலும் பத்து ஆட்டம் உறுதி. வெளி அணிகளோடு ஆடுவதையும் சேர்த்தால் ஒரு பருவத்தில் இருபதைத் தாண்டிவிடும்.

நான்கு எங்கே, இருபது எங்கே! பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்று முதலில் தோன்றியது. யோசிக்க யோசிக்க, பணம் இரண்டாவது காரணம் என்றுதான் படுகிறது. முதல் காரணம், போட்டி எதற்காக நடக்கிறது என்பது.

நம்மிடம் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி என்பது பல்கலைக்கழக அணியைப் பொறுக்கி எடுக்கும் சல்லடை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறது. நாம் தென்மண்டலம். ஒரு பல்கலைக்கு, ஒரு விளையாட்டுக்கு, ஒரு அணி. மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள். அந்த ஓர் அணியைச் சீக்கிரம் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு நாக்-அவுட் போதும். எட்டு அணி என்றால் ஏழே மேட்ச், இரண்டு நாளில் கதை முடிந்தது. அதில் நான்கு அணிகள் ஒரு மேட்ச்சோடு வருஷத்தையே முடித்துக்கொள்கின்றன என்பது யாருக்கும் உறுத்துவதில்லை. ஏனென்றால் அந்த நான்கு அணிகளுக்காகப் போட்டி நடத்தப்படவில்லை.

இன்னொரு விஷயம், எதிராளி யார் என்பது. இங்கேதான் புதுச்சேரியின் கதை விசித்திரமானது.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுச்சேரி, அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் காரைக்கால், 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மலபார் கரையில் மாஹே, 800-க்கும் மேல் தள்ளி கோதாவரி முகத்தில் யானம். 1954-ல் இந்தியாவோடு சேர்ந்தபோதும் நான்கும் ஒரே நிர்வாகமாக நீடித்தன. ஆனால் கல்லூரிகள் வந்தபோது அவை அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் இணைந்தன. 1961-ல் தொடங்கிய லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி சென்னைப் பல்கலையோடு, மாஹே கல்லூரி கோழிக்கோட்டுப் பல்கலையோடு, யானம் கல்லூரி ஆந்திரப் பல்கலையோடு. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் புதுவைப் பல்கலைக்கழகம் வந்ததும் எல்லாம் காலாப்பட்டின் கீழ் வந்தன. அந்தமான் தீவுகளும் அதன் எல்லைக்குள்தான்.

படிப்புக்கு இது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். விளையாட்டுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மாஹேயிலிருந்து தலச்சேரி பிரண்ணன் கல்லூரிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே பல்கலையின் கீழ் இருந்தன. இன்று பிரண்ணன் கண்ணூர்ப் பல்கலையில், மாஹே புதுவைப் பல்கலையில். பல்கலையின் கல்லூரிப் போட்டியில் இந்த இரண்டு அணிகளும் சந்திக்க வழியே இல்லை. மாஹே பையன் தன் 'பக்கத்துக் கல்லூரி'யோடு ஆட வேண்டுமென்றால் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து வங்கக் கடல் ஓரம் வர வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் அதே வழியில் திரும்ப வேண்டியதுதான்.

அதாவது, நம்மூரில் எதிராளியைத் தீர்மானிப்பது இணைப்புச் சான்றிதழ். டிகிரியில் யார் முத்திரை இருக்கிறதோ அந்தக் கூட்டத்தில்தான் ஆடலாம். அமெரிக்கச் சின்னக் கல்லூரி தன் எதிராளியைத் தானே தேர்ந்தெடுக்கிறது. இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தூரமாக இருப்பவர்கள் சேரவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1986-ல் தொடங்கிய யுனிவர்சிட்டி அத்லெடிக் அசோசியேஷன் என்ற குழுவில் நியூயார்க், சிகாகோ, அட்லாண்டாவின் எமரி என்று விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் பல்கலைகள் இருக்கின்றன. ஆனால் அது விரும்பிச் சேர்ந்த கூட்டு. தூரத்தைச் சமாளிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கூடைப்பந்தில் வெள்ளிக்கிழமை ஓர் ஊரில் ஒரு மேட்ச், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஊரில் இன்னொரு மேட்ச். இவ்வளவு தூரம் வந்தவனை ஒரு மேட்ச்சோடு திருப்பி அனுப்புவதில்லை.

அமெரிக்காவைக் கோயிலாக்கவும் வேண்டாம். மேல்தட்டு டிவிஷனில் டிவிப் பணம் புகுந்ததும் இதே கான்ஃபரன்ஸ் முறை நாறிப்போனது. 2024-ல் பசிபிக் கரையின் பழைய கூட்டான பேக்-12-ஐ விட்டுப் பத்துப் பல்கலைகள் வெளியேறி இரண்டு மட்டும் மிஞ்சின. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு இன்று 'அட்லாண்டிக் கரை' கான்ஃபரன்ஸில் ஆடுகிறது! கீழ்மட்டத்திலும் கணக்கு இருக்கிறது. மாணவர் சேர்க்கை குறைந்த சில சின்னக் கல்லூரிகள், ஃபீஸ் கட்டும் ஆட்களைப் பிடிக்கவே புதிது புதிதாக அணிகளை ஆரம்பிக்கின்றன. ஆனாலும் அங்கே சேர்கிற பையன் ஆடத்தான் செய்கிறான். நாங்கள் பிராக்டிஸ் மட்டும் செய்தோம்.

இனி ஊருக்கு வருவோம். தாகூர் கலைக் கல்லூரியும் காஞ்சி மாமுனிவர் மையமும் லாஸ்பேட்டையில் நடக்கிற தூரம். சட்டக் கல்லூரியும் பல்கலை வளாகமும் காலாப்பட்டில். பழைய பொறியியல் கல்லூரி, இப்போதைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில். எல்லாம் டவுன் பஸ்ஸில் போய்வரும் தொலைவு. எட்டு அணிகள் சேர்ந்தால் லீக்கில் 28 மேட்ச், ஆளுக்கு ஏழு. சனிக்கிழமைக்கு நான்கு மேட்ச் வைத்தால் ஏழு வாரம். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள், ஜூலை பாதியில் தொடங்கி செப்டம்பர் தொடக்கத்தில் முடித்துவிடலாம். தங்குமிடம் வேண்டாம், வேன் வேண்டாம். பல்கலை அணித் தேர்வு அதன்பாட்டுக்குத் தனியாக நடக்கட்டும். ஒரு மேட்ச்சை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பதைவிட ஏழு மேட்ச் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கும் வசதிதான்.

இதில் அதிகம் பயன்பெறப்போவது பெண்கள் அணிகள் என்று நினைக்கிறேன். அணிகள் குறைவாக வரும் போட்டியில் ஒரு 'பை'யும் ஒரு வாக்-ஓவரும் சேர்ந்தால், ஆடாமலே செமி ஃபைனல், ஆடிய முதல் மேட்ச்சிலேயே வெளியே. நான்கே அணி இருந்தாலும், ஊருக்குள் இரண்டு சுற்று லீக் வைத்தால் ஆளுக்கு ஆறு மேட்ச் கிடைக்கும்.

"நடைமுறைச் சிக்கல் தெரியாம பேசறீங்க சார்" என்று உடற்கல்வி இயக்குநர் ஒருவர் சொன்னார். ஓ.டி. கிடைக்காது, இன்டர்னல் தேர்வு இடிக்கும், மேற்பார்வைக்கு ஆள் இல்லை, பல்கலை கேட்காத போட்டிக்கு முதல்வர் கையெழுத்துப் போடமாட்டார். எல்லாம் உண்மை. சனிக்கிழமை மாலை என்றால் முதல் இரண்டும் பாதி குறையும். கடைசிச் சிக்கல்தான் பெரியது. யாரும் மேலிருந்து உத்தரவு போடாமல், இரண்டு முதல்வர்கள் ஒரு டீயைக் குடித்துக்கொண்டே "நம்ம பசங்க வாராவாரம் ஆடட்டும்" என்று பேசி முடிப்பது நம் பழக்கத்தில் இல்லை. கான்ஃபரன்ஸ் என்பது அடிப்படையில் அந்த டீதான்.

எங்கள் செட்டர் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான். இந்தக் கணக்கைச் சொன்னேன். வருஷத்துக்கு ஏழு, மூன்று வருஷத்துக்கு இருபத்தொன்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணாவது வருஷம் நாம நல்ல டீம்டா, அஞ்சாவது மேட்ச்ல செட் ஆயிருப்போம்" என்றான்.