கால் அங்குலத்தின் கணக்கு

கைக்குட்டை அளவு துணி, நூல், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ ஒரு துண்டு, அரை மணி நேரம். பொம்மைக்கு உடை தைக்கச் சொல்லித்தரும் இலவசப் பாடங்களில் தேவையானவற்றின் பட்டியல் ஏறத்தாழ இவ்வளவுதான். கடந்த சில மாதங்களாக இந்தப் பாடங்களையும் அவற்றோடு வரும் பேட்டர்ன்களையும் ஒரு கதையை வாசிக்கும் கவனத்தோடு வாசித்துவருகிறேன். சிலவற்றை வெட்டித் தைத்தும் பார்த்தேன். கோலத்தையும் தாலாட்டையும் சமையல் குறிப்பையும் பிரதிகளாக எடுத்துக்கொண்டு பேசும் பெண்ணியத் திறனாய்வு, பொம்மைச் சட்டையின் பேட்டர்னை அப்படி எடுத்துக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை. குழந்தைகளின் பொருள், அதிலும் பெண் குழந்தைகளின் பொருள், அதிலும் இலவசமாகக் கிடைப்பது. மூன்று காரணங்கள் போதாதா ஒன்றைக் கவனிக்காமல் விட?

பேட்டர்ன் கட்டளையில் பேசும். வெட்டு, மடி, துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வை, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தை, திருப்பு, இஸ்திரி போடு. இந்தக் கட்டளைகளைக் கேட்பவள் யார்? வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள்; மகளோ பேத்தியோ உள்ளவள்; மதியத்தில் கொஞ்சம் நேரம் கிடைப்பவள். ‘தைக்கத் தெரியாதவர்களும் தைக்கலாம்’ என்ற உறுதியோடு தொடங்கும் பாடம், நான்காவது வரியில் இரண்டு பக்கமும் டார்ட் பிடிக்கச் சொல்கிறது. டார்ட் பிடிக்க அவள் எங்கே, யாரிடம், எத்தனை நாள் கற்றாள் என்பது பாடத்தின் கவலை அல்ல. தலைமுடி வளர்வதுபோலப் பெண்ணின் கையில் தையலும் தானாக வளர்ந்துவிடும் என்ற நினைப்பு அந்த வரிக்குப் பின்னால் இருக்கிறது. அரை மணி நேரம் என்றிருந்த பார்பி கவுன் ஒன்றுக்கு எனக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. நான் மெதுவாகத் தைப்பவள் என்று வைத்துக்கொண்டாலும், நூல் கோக்கவும் வெட்டவும் பிசிறு அடிக்கவும் ஆகும் நேரத்தை அந்த அரை மணியில் யாரும் சேர்த்திருக்கவில்லை.

சின்ன உடை சுலபம் என்ற எண்ணம் தைத்துப் பார்க்காதவர்களுடையது. பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம், மனித உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒன்று. அவள் சட்டையின் கைவளையம் நம் கட்டைவிரல் நுழையும் அளவுதான். மிஷினின் பாதம் அதற்குள் போகாது. அதனால் பெரியவர்களின் சட்டைக்கு நாம் அறிந்த வரிசை இங்கே மாறுகிறது. தோளை மட்டும் இணைத்துவிட்டு, துணி தட்டையாக விரிந்து கிடக்கும்போதே கையை வைத்துத் தைத்து, பிறகே பக்கத் தையலைக் கையின் நுனியிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாக ஓட்டவேண்டும். கையில்லாத சட்டை என்றால் முழு லைனிங் வைத்து, கழுத்தையும் கைவளையத்தையும் ஒன்றாகத் தைத்து, தோளின் ஒடுங்கிய பாதை வழியே உள்ளேயிருப்பதை வெளியே இழுக்கவேண்டும். நான் இதற்கு ஹேர்பின்னைப் பயன்படுத்தினேன். முதுகு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பெண்ணால் கையைத் தூக்கி வளைத்து உடுத்திக்கொள்ள முடியாது. வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுக்காவிட்டால் திருப்பியதும் கழுத்து சுருங்கி நிற்கும். இவையெல்லாம் யாரோ ஒருத்தி உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த விடைகள். பொறியியலில் என்றால் இதற்கு ஒரு பெயரும் காப்புரிமையும் இருந்திருக்கும். இங்கே ‘எளிய குறிப்பு’ என்று வருகிறது.

கால் அங்குலத்துக்கு வருகிறேன். தையலுக்காக விடும் இந்த ஓரம்தான் பார்பியின் உடலைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றைச் சொன்னது. பொம்மையை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம், துணியைச் சுருக்க முடியாது. பாப்ளின் பாப்ளின்தான், நூலின் தடிமனும் அதேதான். பாவாடையும் மேல்சட்டையும் சேரும் இடுப்பில் எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள். மேல்துணி, லைனிங், இரண்டிலும் மடிந்து நிற்கும் ஓரங்கள், இரண்டு மடங்கு சுருக்கு வைத்த பாவாடை, அதன் ஓரம், முதுகில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் திறப்பு. நம் இடுப்பில் கண்ணுக்கே தெரியாத இந்தத் தடிமன் பொம்மையின் இடுப்பில் ஆறு மடங்காகத் தெரியும். உடுத்திய பிறகு ‘சரியாக’த் தெரியவேண்டும் என்றால் உடுத்தாத உடல் குறுகியிருக்க வேண்டும். மாட்டெல் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர்களில் ஒருவரான கிம் கல்மோன் 2014இல் பார்பியின் அளவுகளைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது நிஜ உடலைப்போல இருக்க உருவாக்கப்பட்டதல்ல, குழந்தைகள் எளிதாக உடுத்திக் கழற்றுவதற்காக உருவாக்கப்பட்டது என்ற பொருளில் பதில் சொன்னார். பலர் அதைச் சப்பைக்கட்டு என்றார்கள். தைத்துப் பார்த்த கை அதில் பாதி உண்மை என்கிறது. மிச்சப் பாதிக்குத் துணி பொறுப்பாகாது. நீண்ட கால்களையும், குதிகால் செருப்புக்காகவே வளைந்து நிற்கும் பாதங்களையும் எந்தப் பாப்ளினும் கேட்கவில்லை. அவை ‘பில்ட் லில்லி’யிடமிருந்து வந்தவை. ஜெர்மானியச் செய்தித்தாள் ஒன்றின் கேலிச்சித்திரப் பெண் அவள். 1955இல் பொம்மையானபோது பெரியவர்களுக்காக விற்கப்பட்டாள். ரூத் ஹேண்ட்லர் அவளைச் சுவிட்சர்லாந்தில் பார்த்தார். 1959இல் பார்பி வந்தாள்.

அந்தப் பாதி உண்மைகூட ஆறுதலானதல்ல. துணிக்கு இடம்விட்டு உடல் ஒதுங்கிக்கொண்டது என்பதே அதன் பொருள். ரெடிமேட் கடையின் உடைமாற்றும் அறையில் நாம் செய்வதும் அதுதானே, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

2016இல் மாட்டெல் உயரமான, குட்டையான, சதைப்பற்றான என்று மூன்று புதிய உடல்களைக் கொண்டுவந்தது. பழைய பார்பியின் கவுன் சதைப்பற்றான பார்பிக்கு ஏறவில்லை. கையில் இருக்கும் பேட்டர்னை அவளுக்காக மாற்றச் சொல்லித்தரும் இலவசப் பாடங்களைத்தான் நான் மிகவும் விரும்பி வாசித்தேன். பேட்டர்னை இடுப்புவரை வெட்டிப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு, மறுபடி ஒட்டச் சொல்கிறார்கள். டார்ட்டின் ஆழத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். உடலை ஒரு குறையாகப் பேசும் ஒரு சொல்கூட அந்தக் குறிப்புகளில் இல்லை. இடுப்பு இவ்வளவு, ஆகவே துணி இவ்வளவு. பெண் உடலைப் பற்றி இத்தனை சாந்தமாக எழுதப்பட்ட உரைநடை நம் இதழ்களில் எளிதில் கிடைக்காது. (சில பேட்டர்ன்களில் பொம்மையின் கால்சட்டைக்கு நிஜமான பை உண்டு. என் அலமாரியில் இருக்கும் சுடிதார்களில் பாதிக்குக் கிடையாது.)

சிமோன் த பொவ்வா ‘இரண்டாம் பாலினம்’ நூலில் (1949) பொம்மையைக் கடுமையாகவே பார்த்தார். தன்னை அலங்கரிக்கப்பட வேண்டிய ஒரு பொருளாகப் பார்க்கச் சிறுமி பொம்மையிடம் கற்கிறாள் என்பது அவருடைய வாதம். பொம்மையைக் கையில் வைத்திருக்கும் சிறுமியைப் பற்றி அது சரியாக இருக்கலாம். ஊசியைக் கையில் வைத்திருக்கும் சிறுமியை அவர் அங்கே பார்க்கவில்லை. அலங்கரிக்கப்படுபவளின் இடத்தில் இவள் இல்லை. அளப்பவள், வெட்டுபவள், பிடிக்காவிட்டால் பிரித்துப் போடுபவள். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு தையலைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஊசி பெண்களை அடக்கி உட்காரவைத்த கருவியும்தான். ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய ‘தி சப்வெர்சிவ் ஸ்டிச்’ எம்பிராய்டரியைப் பற்றி இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. எது எப்போது நடக்கிறது என்பது யார் தைக்கிறார்கள், யாருக்காக, என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

பொம்மைக்கு உடை தைப்பது எப்போதும் சில்லறை வேலையாகப் பார்க்கப்பட்டதுமில்லை. 1945 மார்ச்சில், ஜெர்மானியப் பிடியிலிருந்து மீண்ட பாரிஸில், துணிக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு இருந்தபோது, ‘தியாத்ர் த லா மோத்’ என்ற கண்காட்சி லூவ்ர் கட்டடத்தின் ஒரு பகுதியில் நடந்தது. கம்பியால் செய்த, எழுபது சென்டிமீட்டர் உயரப் பொம்மைகள், இருநூறுக்கும் மேல். லான்வான், பலன்சியாகா, நினா ரிச்சி என்று பாரிஸின் பெரிய உடையகங்கள் எல்லாம் அவற்றுக்கு உடை தைத்தன. பொத்தான்கள் நிஜமாகவே காஜாவுக்குள் நுழைந்தன. போருக்குப் பிறகு பிரான்ஸின் கௌரவத்தை மீட்கும் தேசப் பணியாக அது பேசப்பட்டது, வெளிநாடுகளுக்கும் போயிற்று. எஞ்சிய பொம்மைகள் இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே உடையகங்களின் பெயர்கள் உண்டு. அந்தக் காஜாக்களை எடுத்தவர்களைப் பாரிஸ் தையல்கூடங்களில் ‘சின்னக் கைகள்’ என்று அழைப்பார்கள். பெயரே அவ்வளவுதான்.

பார்பியின் கதையிலும் அந்தக் கைகள் உண்டு. 1959இல் பொம்மையின் விலை 3 டாலர். உடைகள் ஒரு டாலரிலிருந்து 5 டாலர் வரை. ஒருமுறை வாங்கும் பொம்மையைவிட மறுபடி மறுபடி வாங்கும் உடையில்தான் லாபம். சார்லட் ஜான்சன் என்ற வடிவமைப்பாளர் டோக்கியோவில் தங்கி அந்த உடைகளை உருவாக்கினார். தைத்தவர்கள் வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் தைத்த ஜப்பானியப் பெண்கள். கடல் தாண்டிப் போன அந்த உடைகளை வாங்க முடியாத அமெரிக்கத் தாய்மார்கள் வீட்டிலேயே தைத்தார்கள். 1960களின் தொடக்கத்திலேயே பேட்டர்ன் நிறுவனங்கள் அதற்கான காகித மாதிரிகளை அச்சிட்டு விற்றன. கடலின் இரண்டு கரையிலும் ஒரே சட்டையைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்தார்கள், ஒருத்தி குறைந்த கூலிக்கு, இன்னொருத்தி கூலியே இல்லாமல். இன்றைய இலவசப் பேட்டர்ன் இரண்டாமவளின் வாரிசு. அது கடையின் விலைக்குப் பணியாமல் பெண்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் அறிவு என்று நான் மனதார மதிக்கிறேன். அதே பேட்டர்ன், நேரத்துக்கு விலை இல்லை என்ற பழைய பாடத்தையும் கூடவே கைமாற்றுகிறது.

மரியா மீஸ் 1982இல் எழுதிய ‘நர்சாபூரின் லேஸ் தயாரிப்பாளர்கள்’ இதற்கு நமக்குப் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி. ஆந்திரக் கடற்கரை வட்டாரத்துப் பெண்கள் உலகச் சந்தைக்குப் பின்னிய லேஸ், இல்லத்தரசிகள் ஓய்வுநேரத்தில் செய்யும் பொழுதுபோக்காகவே கணக்கிடப்பட்டது. தொழிலாளி என்ற பெயர் இல்லாததால் தொழிலாளியின் கூலியும் இல்லை. வியாபாரிகள் பணக்காரர்களானார்கள்.

தமிழ் வீடுகளில் பொம்மைக்கு உடுத்தும் வழக்கம் என்றால் நவராத்திரியின் மரப்பாச்சிதான் நினைவுக்கு வரும். எல்லாத் தமிழ் வீடுகளிலும் கொலு இல்லை. சாதியும் வசதியும் அந்தப் படிகளில் அமர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்லாமல் மரப்பாச்சியைப் பற்றிப் பேசக்கூடாது. பொம்மையாக மட்டும் பார்த்தால் அவள் பார்பிக்கு நேரெதிர். செம்மரக் கட்டையில் செதுக்கிய உடல், பக்கவாட்டில் ஒட்டிய கைகள், சொல்லிக்கொள்ளும்படி இடுப்பு கிடையாது. டார்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை. பழைய பட்டுப்புடவையின் கிழியாத பகுதியைக் கொசுவி, ஜரிகையை முன்னால் விட்டு, நூலால் இறுக்கிக் கட்டினால் போதும். பேட்டர்ன் தேவைப்படாத அளவுக்குக் கருணையான உடல். ஆனால் அவள் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் வேட்டியோடு ஒருவன் உண்டு. கல்யாணச் சீராகத் தாய் மகளுக்குக் கொடுப்பது ஜோடியாகத்தான். பார்பியின் இடுப்பைக் கேள்வி கேட்கும் நாம் இந்த ஜோடியையும் கேட்கவேண்டும். இப்போது மரப்பாச்சிக்கும் பாடங்கள் வந்துவிட்டன. அட்டையில் ஒட்டிய கொசுவம், பசைத் துப்பாக்கி, சரிகை லேஸ் என்று எல்லாம் சுலபமாகிவிட்டது. நான் பார்த்த பாடங்களில் ஒன்றுகூட அவளைத் தனியாக நிறுத்தி உடுத்தவில்லை.

இலவசப் பேட்டர்ன்கள் பலவற்றின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: சொந்த உபயோகத்துக்கு மட்டும், தைத்து விற்கக்கூடாது. வரைந்தவளின் உழைப்பைக் காப்பதற்கான நிபந்தனை அது. தவறு என்று சொல்லமாட்டேன். தைத்து விற்றால் சில நூறு ரூபாய் பார்க்கக்கூடிய இன்னொருத்தியைத் தடுப்பதும் அதுதான். ‘விற்கலாம், வரைந்தவர் பெயரைச் சொல்லுங்கள்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், குறைவாக. அவர்களுடைய பேட்டர்ன்களில் பெயர், தேதி, எத்தனையாவது திருத்தம் என்பதெல்லாம் இருக்கும். யாரிடமிருந்து கற்றார் என்பதைச் சிலர் எழுதுகிறார்கள். எத்தனை மணி நேரம் வரைந்து வெட்டிச் சோதித்தார் என்று எழுதிய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒவ்வொரு புரட்டாசிக்கும் முன்னால் மரப்பாச்சி ஜோடிகளுக்கு உடை தைத்துக் கடைக்குக் கொடுக்கிறார். பள்ளி நோட்டு ஒன்றில் கணக்கு வைத்திருக்கிறார்: பட்டுத்துணி, லேஸ், பசை, முத்து, ஆட்டோ. எல்லாம் தனித்தனிப் பத்தியில், ஐந்து ரூபாய்கூட விடுபடாமல். நேரத்துக்கு ஒரு பத்தி போடலாமே என்றேன். “அது என்ன, டிவி பாத்துக்கிட்டே தைக்கறதுதானே” என்றார். பிறகு, நான் விடவில்லை என்பதால், ஸ்கேலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் கால் அங்குலத்துக்குமேல் இடம் இல்லை.