சாபமா, சரக்கா?

"கல்லறையைத் திறந்தால் சாவு வருமா?" எனக் கேட்டான் என் மாணவன். எகிப்திய மன்னன் துட்டன்காமனின் சாபக் கதையை எங்கோ படித்திருக்கிறான். ஏடுகள் எழுதியதைப் பிள்ளை நம்பியதில் வியப்பென்ன?

நடந்தது என்ன? ஹோவர்டு கார்ட்டர் 1922இல் அக்கல்லறையைக் கண்டார். பொருளுதவி புரிந்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் மாண்டார். கொசுக்கடி புண்ணாகி, குருதி நஞ்சாகியது. நிமோனியா உயிர் பறித்தது. சாபம் பொறித்த கல்வெட்டு அங்கே இல்லவே இல்லை! செய்தி உரிமையோ இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டுக்கே விற்கப்பட்டிருந்தது. செய்தி கிட்டாத ஏடுகளுக்குச் சாபமே சரக்காயிற்று. முதலில் நுழைந்தோருள் கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார். பிரபுவின் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். சாபம் இவர்களை மறந்ததோ?

மன்னர் கல்லறைகளிலிருந்து எழுந்த மெய்யான குரல் ஒன்றுண்டு. மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலியாகிய தானியம் வராமற் போகவே, கல்லறை குடைந்த தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பசியால் வந்தோம் என்ற அவர்தம் முறையீடு பாப்பிரசுத் தாளில் இன்றும் இத்தாலியின் தூரின் நகரில் இருக்கிறது.

பிணத்தின் சினம் கதை; உழைத்தவன் பசி வரலாறு. இதைத்தான் என் மாணவனுக்குச் சொன்னேன். ஏடுகள் என்று சொல்லும்?